இருபத்துமூன்று

போட்ஸ்ஃபியூர்டில் மரம் முளைப்பதில்லை.
அதனால் ஸ்டைனார் விட்டுப்போன
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டையை
வில்லை வில்லையாய் அறுத்தேன்.
இருபத்துநான்கு வேண்டும் என்றது
கப்பல் கடையில் வாங்கிய கையேடு.
கடைசி வில்லைக்குக் கட்டையின் வளைந்த நுனிதான் மிச்சம்.
அதில் ரைதோவைச் சுட்டேன்:
சவாரி, பயணம், புறப்பாடு.
குன்வோர் என்ற என் பெயரின்
கடைசி எழுத்தும் அதுவே.

படகுகளின் எதிரொலிமானி பழுதுபார்ப்பவள் நான்.
திரையில் நெளியும் கோடு
மீனா, சேறா, வெறும் இரைச்சலா
பத்து நொடியில் சொல்லிவிடுவேன்.
இந்தக் குச்சிக்கோடுகள் என்ன பெரிய வித்தை
என்றுதான் தொடங்கினேன்.

முதல் வாரம்
முள்ளை எடுத்து மகிழ்ச்சி என்று வாசித்தேன்.
இரண்டுக்கும் ஒரு தண்டு, ஒரு முக்கோணம்.
உச்சியில் நின்றால் மகிழ்ச்சி.
அரை விரற்கடை இறங்கினால் முள்.
சால்டரிங் இரும்பைப் பிடித்த கை
எங்கே நடுங்கியதோ
அங்கே தீர்ந்தது அன்றைய பலன்.

தலைகீழாய் விழுந்தால் பொருளும் தலைகீழாம்.
யாருக்குத் தலைகீழ்?
மேசைக்கு அந்தப்பக்கம் அமர்ந்திருந்த அஸ்லாக்
"எனக்கு நேராகத்தானே இருக்கிறது" என்றான்,
வாயில் கருவாட்டுத் துண்டோடு.
மீன்பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுபவன்.
அவன் சொன்ன பிறகு தோன்றியது,
நாற்காலி மாறி உட்கார்ந்தால்
தலையெழுத்தே மாறிவிடும் போல.

ஈசா மட்டும் குழப்பாது.
ஒற்றைக் கோடு. பனிக்கட்டி.
எப்படிப் புரட்டினாலும் அதுவே.
டிசம்பரில் இங்கே அதை எடுப்பவருக்குக்
குறி சொல்ல வேண்டியதில்லை,
ஜன்னலைக் காட்டினால் போதும்.

நான் கேட்டது ஒரே கேள்வி.
ரொட்டிப்பெட்டியின் அடியில்
பெர்கனிலிருந்து வந்த வேலைக்கடிதம்.
போகவா?
சூரியன் எழாத அந்த வாரங்கள் முழுக்க
இரவு எது, விடியல் எது தெரியாத ஏதோ ஒரு மணியில்
பையில் கைவிட்டுத் துழாவினேன்.
ஆலங்கட்டி.
மறுநாள், இல்லாமை.
அதற்கு மறுநாள், பூர்வீக வீடு.
பிறகு பனிக்கட்டி, பனிக்கட்டி, மாடு.
மாட்டை வைத்து நான் என்ன செய்ய?
எங்கள் ஊரில் மாடே இல்லை.
"சம்பளமாக இருக்கும்" என்றான் அஸ்லாக்.
"கூட்டித் தருவார்கள், இரு."

புறப்பாடு ஒருமுறைகூட வரவில்லை.
கையேட்டில் அதன் பக்கம் மட்டும்
மசி புத்தம்புதிதாய் இருந்தது.
பெர்கனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.
காரணம், குடும்பச் சூழ்நிலை.
குடும்பம் என்றால் நான் ஒருத்தி.

மார்ச்சில்
சலவை இயந்திரம் நீரை வெளியே விடாமல் முனகியது.
தரையில் பழந்துணி விரித்து
வடிகட்டியைத் திருகினேன்.
ஒரு குரோன் காசு.
கம்பளிப் பிசிறு, கைப்பிடி அளவு.
ஊறி உப்பிப்போன ரைதோ.

நவம்பரில் வேலைச்சட்டைப் பையில்
போட்டது எப்போது? எதற்கு?
ஸ்டைனார் போன் செய்த அன்றா?
நினைவில்லை என்று சொல்லலாம்.
சத்தமாகச் சொல்லியும் பார்த்தேன், காலி வீட்டில்.

கருவியின் மூடியைப் பூட்டுமுன்
திருகாணிகளை எண்ணுபவள் நான்.
ஒன்று குறைந்தாலும்
படகின் எண்ணெய்த் தரையில் மண்டியிட்டு
கைவிளக்கைப் பல்லில் கவ்வித் தேடுபவள்.
குளிர்காலம் முழுக்க அந்தப் பையை
ஒருமுறை எண்ணவில்லை.

இப்போது அது ஹீட்டர்மேல் காய்கிறது.
வளைந்த நுனி சூட்டில் இன்னும் கொஞ்சம் வளைகிறது.
மலைச்சாலையில் பனிவாரி முன்னே போக
பின்னால் வண்டிகள் வரிசையாய்ப் போவதாக
வானொலி சொல்கிறது.
பையில் போட்டுவிடவா என்கிறான் அஸ்லாக்.
ஈரம் போகட்டும் என்றேன்.